கோழையா அவர்?

மேடை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, எதிரே நானூறு பிள்ளைகள் வரிசை பிசகாமல் நின்றிருந்தனர். பேசுபவனுக்கு வேறென்ன வேண்டும்? பேசினோம். புகையிலை ஒழிப்பு உறுதிமொழி நாள் அது. சென்ற ஆண்டு, பள்ளியின் காலைக் கூட்டத்தில், தமிழாசிரியர் என்ற முறையில் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு நமக்குத் தரப்பட்டது. பத்து நிமிடம் இருபதாயிற்று. "தன் வாய்க்குத் தானே கொள்ளி வைத்துக்கொள்பவன் புகைப்பவன்" என்றோம். "தீது என்று தெரிந்தும் விட முடியாதவன் கோழை" என்றோம். "உறுதி படைத்தவன் ஒரே நாளில் விடுவான், உள்ளம் உளுத்தவன் ஒருநாளும் விடான்" என்றோம். கைதட்டல் எழுந்தது. தலைமையாசிரியர் கை குலுக்கினார். நாலு பேருக்கு நல்லது சொன்னோம் என்ற நிறைவோடு வகுப்புக்குச் சென்றோம்.

நண்பகல் இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. என்னவென்று கேட்டோம்.

"எங்க அப்பா பீடியை விட்டு ஒன்பது நாளாச்சு ஐயா. ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார். சோத்துத் தட்டைத் தள்ளி விடுறார். நேத்து திண்ணையில உட்கார்ந்து சும்மாவே அழுதார். எங்க அப்பா கோழையா ஐயா?"

அவன் தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். ஆளைவிடக் கனத்த மூட்டையை முதுகில் ஏற்றி, லாரிக்கும் கிடங்குக்கும் இடையே பகலெல்லாம் நடப்பவர். அவர் அழுதார் என்கிறான் பிள்ளை. நாம் சொன்ன இலக்கணப்படி அவர் யார் என்று கேட்கிறான். நாம் என்ன விடை சொன்னோம் தெரியுமா? "மணி அடிக்கப் போகிறது, வகுப்புக்குப் போ" என்றோம். ஆம், தோழர்களே! கேள்வி வீட்டிலிருந்து வந்தது. நம் விடை கடிகாரத்திலிருந்து வந்தது.

அன்றிரவு நாமும் உறங்கவில்லை. அந்தச் சிறுவன் கேட்டது வெறும் வீட்டுச் செய்தியன்று. அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. தீமை இது என்று அறிந்த பின்னும் ஒருவன் அதைச் செய்கிறான் என்றால், குறை அவன் அறிவிலா, உறுதியிலா, ஒழுக்கத்திலா? அவனை இகழ்வது முறையா? இகழ்வதால் அவன் திருந்துவானா? திருந்தும் முயற்சியில் அவன் துடிக்கும்போது, பார்த்து நிற்கும் நமக்கு ஏதேனும் கடமை உண்டா, இல்லையா?

கிரேக்க நாட்டுச் சாக்ரடீசு இக்கேள்விக்கு ஒரு விடை கூறினார். தீமை என்று உண்மையாகவே அறிந்த எவனும் அதைச் செய்யான். செய்கிறான் என்றால் அவன் இன்னும் சரியாக அறியவில்லை என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில் இதை அப்படியே ஏற்கவில்லை. தம் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் இதை நெடிதாக ஆராய்ந்தார். அறிந்தும் வழுவுவோர் இவ்வுலகில் உண்டு, அது கண்கூடு. ஆனால் வழுவும் அந்த நேரத்தில் அவர்களுடைய அறிவு, உறங்குபவனிடமும் குடித்திருப்பவனிடமும் இருக்கும் அறிவைப் போல, உள்ளே இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கிறது என்றார். எண்ணிப் பாருங்கள்! அறிவைப் புகட்டினால் போதும் என்பது முதல் விடை. அறிவு இருந்தும் செயலற்றுப் போகும் நிலை ஒன்று உண்டு, அந்நிலையை ஆராய வேண்டும் என்பது இரண்டாம் விடை.

நம் ஊர் விடைகள் வேறு. ஒன்று, "அவன் தலையெழுத்து அப்படி" என்பது. மற்றொன்று, "அவனுக்கு வைராக்கியம் போதாது" என்பது. முதல் விடையை மூடநம்பிக்கை என்று நாம் பலமுறை சாடியிருக்கிறோம். இரண்டாவதை அறிவுரை என்று எண்ணி நாமே மேடையில் முழங்கியிருக்கிறோம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. தலையெழுத்து என்றால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. வைராக்கியம் போதாது என்றாலும் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு விடையும் பார்த்து நிற்பவனை வீட்டுக்கு அனுப்பி, துன்பப்படுபவனைத் தனியே விட்டுவிடுகின்றன. விதியை மறுத்துவிட்டு வைராக்கியத்தை அந்த இடத்தில் உட்கார வைத்தால் போதுமா? பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பாட்டிமார் கேலி செய்வதுண்டு. வலி இருக்கும் வரையில் சபதம் இருக்கும், சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அது கரைந்துவிடும் என்று பட்டறிவால் கண்டு சொன்னவர்கள் அவர்கள். வெறும் சபதத்தின் ஆயுள் எவ்வளவு என்பதை ஏடு படிக்காத பாட்டி அறிந்திருந்தாள். பட்டம் பெற்ற நாம் அறியவில்லை!

அறிவு மட்டும் போதுமென்றால், மனத்தைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்ன ஒருவர் புகைப்பதை விட்டிருக்க வேண்டும். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, உளப்பகுப்பாய்வின் தந்தை, நாள்தோறும் இருபது சுருட்டு வரை புகைத்தவர். 1890களில் அவருக்கு நெஞ்சில் கோளாறு தோன்றியது. நண்பரும் மருத்துவருமான வில்ஹெல்ம் பிலீசு விட்டுவிடச் சொன்னார். விட்டார், விட்ட நாட்களில் வாடினார், மீண்டும் தொட்டார். 1923ஆம் ஆண்டு அவர் வாயின் மேலண்ணத்தில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். தாடையின் ஒரு பகுதியை இழந்து, செயற்கைத் தகடு பொருத்தி, உண்ணவும் பேசவும் இடர்ப்பட்டார். அப்போதும் சுருட்டு அவரை விடவில்லை. 1939ஆம் ஆண்டு லண்டனில் மறைந்தார். இவரை அறிவிலி என்பீரா? நோயின் வலியோடு பதினாறு ஆண்டுகள் ஓயாது எழுதியவரை உறுதியற்றவர் என்பீரா? கோழை என்ற சொல்லை இவர்மீது எறிந்து பாருங்கள்; அது திரும்பி வந்து எறிந்தவர்மீதே விழும்.

அப்படியானால் உள்ளே நடப்பது என்ன? இன்றைய அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. புகையை இழுத்த பத்து இருபது நொடிகளுக்குள் நிகோட்டின் என்னும் பொருள் மூளையை எட்டுகிறது. அங்குள்ள நரம்பணுக்களின் மேல் பூட்டுப் போன்ற சில ஏற்பிகள் உண்டு. நிகோட்டின் அவற்றுக்குச் சாவியாக வந்து பொருந்துகிறது. உடனே டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. சிறு இன்பம் தோன்றுகிறது. நாள்தோறும் சாவி வந்துகொண்டே இருந்தால் பூட்டுகளின் எண்ணிக்கை பெருகுகிறது. குருதியில் நிகோட்டினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அப்போது திறக்கப்படாத பூட்டுகள் அத்தனையும் கூக்குரலிடுகின்றன. எரிச்சல், படபடப்பு, காரணமற்ற துயரம், கவனச் சிதறல், உறக்கமின்மை எல்லாம் வந்து சேர்கின்றன. அடுத்த பீடியைப் பற்றவைத்ததும் அவை அடங்குகின்றன. "பார்த்தாயா! பீடி என் கவலையைத் தீர்த்தது" என்கிறான் புகைப்பவன். தீர்த்தது உண்மை; ஆனால் தீர்த்தது எந்தக் கவலையை? முந்தைய பீடி விட்டுச் சென்ற கவலையை! வீட்டுக்குத் தீ வைத்தவனே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நிற்கிறான்; நாம் அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்!

இந்த மாயையை உடைத்த ஆராய்ச்சிகள் உண்டு. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், 26 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. புகைப்பதை விட்டவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடுகையில் குறைந்தன என்று அது காட்டியது. 2021ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கையும் அதே முடிவுக்கு வந்தது. விட்டால் மனம் கெடும் என்பது பொய். விட்டால் மனம் நலம் பெறும் என்பதே மெய்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது அரை உண்மை. அரை உண்மை பேசித்தானே நாம் அந்தச் சிறுவனிடம் அகப்பட்டோம்! அக்கரை பசுமைதான்; இடையிலே ஆறு ஓடுகிறது. விட்ட முதல் நாளிலேயே துன்பம் தொடங்குகிறது. முதல் கிழமையில் உச்சத்தை எட்டுகிறது. இரண்டு முதல் நான்கு கிழமைகளில் மெல்லத் தணிகிறது. ஒன்பதாம் நாள் திண்ணையில் அமர்ந்து அழுத அந்தத் தொழிலாளி, ஆற்றின் நடுவிலே நின்றார். அவர் கண்ணீர் கோழையின் கண்ணீர் அன்று. நீந்துபவனின் மூச்சுத் திணறல். அதை அவருக்குச் சொல்வார் யாருமில்லை. தமக்குப் பித்துப் பிடிக்கிறதோ என்று அவரே அஞ்சினார். அந்த அச்சம் ஒன்றே மீண்டும் பெட்டிக்கடை வாசலுக்கு ஒருவரை இழுத்துச் செல்லப் போதும். எவர் துணையுமின்றித் தாமாகவே விட முயல்வோரில், நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே ஓராண்டளவில் வெற்றி பெறுகின்றனர் என்பது ஆய்வுகளின் கணக்கு. மீதித் தொண்ணூற்றைந்து பேரும் கோழைகளா? ஒரு வகுப்பில் நூறு மாணவர்களில் தொண்ணூற்றைந்து பேர் தேர்வில் தவறினால், மாணவர்களைக் குறை சொல்லும் ஆசிரியரை யாரேனும் மதிப்பாரா? பாடம் நடத்திய முறையையல்லவா கேள்வி கேட்பர்!

இந்த இடத்தில் நண்பர் சிலர் குறுக்கிடுவர். "நன்று, நன்று! நோய் என்று சொல்லி எல்லோரையும் தப்பவிடுகிறீர். முதல் பீடியை அவன் வாயில் திணித்தது யார்? அவன் விரும்பிப் பிடித்தான், அவனே பொறுப்பு" என்பர். இது புறந்தள்ளக் கூடிய வாதம் அன்று. எனவே பொறுமையாகப் பார்ப்போம்.

முதலாவது, இந்த "அவன் விருப்பம்" என்ற வாதத்தை மிகுந்த ஆவலோடு பரப்பியவர் யார்? 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சிகரெட் நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர், நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான் என்று தம் நிறுவனத்துக்குள் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு முப்பது ஆண்டுகள் பேழைக்குள் உறங்கியது. 1988ஆம் ஆண்டு அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப்பின் அறிக்கை, சிகரெட் அடிமைப்படுத்துகிறது என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. அதற்குப் பின்னும், 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஏழு பெரும் புகையிலை நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று உறுதிமொழி ஏற்று, நிகோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பொருள் என்ன? வேண்டியவன் பிடிக்கிறான், வேண்டாதவன் விடுகிறான், எங்களுக்கு என்ன பொறுப்பு என்பதே! 2006ஆம் ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம், புகையிலை நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தது.

இப்போது நம் மேடைப் பேச்சை நினைத்துப் பாருங்கள். "விட நினைத்தால் விடலாம், விடாதவன் குற்றவாளி" என்றோம். விற்பவனும் அதையேதான் சொன்னான்! விற்பவன் பணத்துக்காகச் சொன்னான். நாம் அறத்தின் பெயரால் சொன்னோம். சொல் வேறு, சுதி ஒன்று. அறம் பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, அந்த ஏழு பேருக்கும் கூலியில்லாமல் வழக்காடியிருக்கிறோம்!

இரண்டாவது, குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஒருவன் கிணற்றில் விழுந்து கிடக்கிறான். தவறி விழுந்தானா, வேண்டுமென்றே குதித்தானா, யாரேனும் தள்ளினார்களா என்ற விசாரணையைக் கரையில் நின்று நடத்துவது மடமை. முதலில் கயிற்றை வீசு! ஆனால் வீசிய கயிற்றைப் பற்றவேண்டியவன் அவனே. அவனுக்காக நாம் பற்ற முடியாது. பற்றுவது அவன் பொறுப்பு; வீசுவது நம் பொறுப்பு. நீரிழிவு கண்டவரைக் குற்றவாளி என்று எவரும் ஏசுவதில்லை. ஆயினும் மருந்து உண்பதும் உணவைக் கட்டுப்படுத்துவதும் அவர் கடமை என்கிறோம். அந்த நீதி பீடி பிடிப்பவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? பழியைக் குறைத்தால் பொறுப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டாம். பழிக்கு அஞ்சியவன் ஒளிந்துகொள்வான். ஒளிந்தவனிடம் கயிறு எட்டாது.

மற்றொரு கொடுமையும் உண்டு. அது கருணையின் உடை உடுத்து வருகிறது. முன்பே மனநோயால் வருந்துபவர் புகைத்தால், "பாவம், அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான், விட்டுவிடுங்கள்" என்பார்கள். மேலை நாட்டு மனநல மருத்துவமனைகளில், சொன்னபடி கேட்கும் நோயாளிகளுக்குச் சிகரெட்டைப் பரிசாகக் கொடுத்த காலமும் இருந்தது. விளைவு என்ன? கடும் மனநோய் உடையோர் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அந்த இறப்புகளில் பெரும்பங்கு இதயமும் நுரையீரலும் கெட்டதால் வருவது. அவர்களால் விட முடியாது என்பதும் உண்மையன்று. 2016ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில் எண்ணாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் கண்டவர்கள். விட உதவும் மருந்துகள் அவர்களுக்கும் பயன்பட்டன; உளநலக் கேட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவும் இல்லை. எனினும் அவர்களுக்கு மருத்துவர் துணை இன்றியமையாதது. புகையில் உள்ள பொருள்கள் சில மனநோய் மருந்துகளைக் கல்லீரல் விரைந்து கரைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அதே மருந்து குருதியில் மிகுந்துவிடும். எனவே மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரும். ஏசுபவனுக்கு இது தெரியாது. இரக்கப்பட்டு விட்டுவிடுபவனுக்கும் இது தெரியாது. ஏசுவதும் கைவிடுவதும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் தாய் அறியாமையே.

அப்படியானால் துணை என்பது யாது? வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று கணக்கிடுகிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்தக் கணக்கில் நான்கில் ஒன்றுதான் நோயாளி! நாமோ நான்கு பங்கு சுமையையும் அவர் ஒருவர் முதுகில் ஏற்றிவிட்டு, நடக்கவில்லை என்று நகைக்கிறோம்.

மருந்து இருக்கிறது. நிகோட்டினைச் சிறு அளவில் புகையின்றித் தரும் மெல்லும் பசையும், தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. நிகோட்டினின் பூட்டிலே பாதியளவு பொருந்தி ஏக்கத்தைத் தணிக்கும் வரெனிக்ளின் உண்டு. முதலில் மனச்சோர்வுக்காக வந்து, பின்னர் புகையை விடவும் உதவும் என்று கண்டறியப்பட்ட புப்ரோபியான் உண்டு. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை இவை. தீர்ப்பவரும் இருக்கிறார். 2024 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுநெறி, மருந்தோடு ஆலோசனையும் சேரவேண்டும் என்று வலியுறுத்துகிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லாத் தொலைபேசி ஒன்று உண்டு: 1800-11-2356. 2018ஆம் ஆண்டிலிருந்து இந்த எண் புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே அச்சிடப்படுகிறது. மனம் தளர்ந்தோர் பேச, 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பொட்டலத்தின் மேல் உள்ள புற்றுப் படத்தைக் காட்டி நாம் பிள்ளைகளை அச்சுறுத்தினோம். அதே பொட்டலத்தில் இருந்த எண்ணை ஒருவருக்கும் படித்துக் காட்டவில்லை!

2016-17இல் நடுவணரசு நடத்திய கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் புகைப்போர் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர். அவர்களில் நூற்றுக்கு 55 பேர் விட எண்ணுகின்றனர். சிகரெட் பிடிப்போரைவிடப் பீடி பிடிப்போரே மிகுதி. அதாவது ஏழைகளே மிகுதி. விட எண்ணுவோர் ஐந்து கோடிக்கு மேல் என்றால், இது உறுதியற்ற மக்களின் நாடா? இல்லை, உதவி எட்டாத மக்களின் நாடு. பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நூறு கெஜத்தைத் தாண்டியதும் தெருவுக்குத் தெரு பீடி கிடைக்கிறது. ஆலோசகர் எத்தனை தெருவில் கிடைக்கிறார்? நஞ்சு நடந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. மருந்தைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து செல்லும் தொழிலாளிக்கு வைராக்கியம் போதவில்லை என்பது எத்துணைக் கொடிய நகைச்சுவை!

நான்காம் கூறு, அருகிருப்பவர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. வீட்டார் என்றால் யார்? மனைவி! தள்ளிவிடப்பட்ட சோற்றுத் தட்டை எடுத்துக் கழுவுபவள் அவள். எரிச்சலுக்கு இலக்காகிறவள் அவள். விடுபவரின் துன்பத்தை உணர வேண்டும் என்பது அவர் கை ஓங்க உரிமை தருவது ஆகாது. துன்பம் காரணம் ஆகலாம். அடிப்பதற்கு நியாயம் ஆகாது. எனவே அருகிருக்கும் கடமையை அவள் தலையில் மட்டும் சுமத்தாமல், நண்பரும் அண்டை அயலாரும் உடன் உழைப்போரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேநீர்க் கடையில் "ஒன்னு இழு, ஒன்னும் ஆகாது" என்று நீட்டும் கையை மடக்கிக்கொள்வது ஒரு தொண்டு. "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்பது ஒரு தொண்டு. மாலையில் அரைமணி நேரம் உடன் நடப்பது ஒரு தொண்டு. ஏக்கத்தின் அலை ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே!

மறுநாள் மாலை அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். நம்மைக் கண்டதும் அவன் தந்தை பதறி எழுந்தார். "பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானா சார்?" என்றார். தவறு செய்தவர் நாமே என்றோம். அவருக்கு விளங்கவில்லை, விளக்கினோம். உறக்கம் கெடுவதும் அழுகை வருவதும் பித்தின் அறிகுறி அல்ல, உடல் விடுபடும் அறிகுறி என்றோம். சில கிழமைகளில் தணியும் என்றோம். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். "எம்மாம் பெரிய மூட்டையும் தூக்கிடுவேன் சார். இதைத்தான் தூக்க முடியல" என்றார். தனியே தூக்க வேண்டாம் என்று சொல்லி, அந்த எண்ணை அவர் மகனின் ஏட்டில் எழுதிக் கொடுத்தோம்.

கதை அங்கே இனிதாக முடிந்தது என்று எழுதிட ஆசைதான். முடியவில்லை. பதினேழாம் நாள் அவர் மீண்டும் பற்றவைத்தார். சந்தையில் நம்மைக் கண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். தேடிப் போய், எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர் என்று கேட்டோம். "பதினாறு நாள் சார்" என்றார் தாழ்ந்த குரலில். மருந்தில்லாமல், ஆலோசனையில்லாமல், பகலெல்லாம் சுமை தூக்கிக்கொண்டு பதினாறு நாள்! நழுவி விழுவது இப்பயணத்தில் பெரும்பாலோர்க்கும் நேர்வது. ஒரே முயற்சியில் கரையேறியவர் சிலரே. அடுத்த கிழமை அரசு மருத்துவமனைக்கு அவரோடு நாமும் சென்றோம். இப்போது இரண்டாம் முறை. இது எத்தனையாவது நாள் என்று நாம் கேட்பதில்லை. மகன் நாட்காட்டியில் கோடிட்டு வருகிறான்.

அந்தப் பிள்ளைக்கு அன்று தராத விடையை, இந்த ஆண்டு அதே மேடையில் தந்தோம். "புகையிலையைத் தொடாதீர்கள், தொட்டால் விடுவது கடினம். உங்கள் வீட்டில் விட முயல்பவர் இருந்தால் அவர் கோழை அல்லர். கடினமான ஒன்றைச் செய்துகொண்டிருப்பவர். அவரைத் தனியே விடாதீர்கள்" என்றோம். இம்முறை கைதட்டல் குறைவுதான். ஆனால் கூட்டம் கலைந்தபின் ஏழு பிள்ளைகள் வந்து, அந்தத் தொலைபேசி எண்ணை மீண்டும் ஒருமுறை சொல்லும்படி கேட்டனர்.

தோழர்களே! உங்கள் தெருவிலும் ஒரு திண்ணை இருக்கும். அதில் ஒன்பதாம் நாள் இரவைக் கழிக்கும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தேவை நம் தீர்ப்பன்று. எழுந்து செல்லுங்கள், அவர் அருகில் சற்று நேரம் அமருங்கள்.